மணலும் மரக்காலும்: பாகூர், வில்லியனூர்ப் பிள்ளைகளின் முதல் படிப்பு

கல்வி வரலாற்றில் புதுச்சேரியின் பாகூருக்குத் தனி இடம் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், இந்த ஊரின் வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன. அதைச் சொல்லும் செப்பேடு 1879இல் கிடைத்தது. வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் வரும் திருபுவனையில் இன்னொரு சான்று இருக்கிறது. முதலாம் இராசாதிராசன் காலத்து, 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியை அது விவரிக்கிறது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் 270 இளைய மாணவர்களும் 70 மூத்த மாணவர்களும் படித்தார்கள் என்று இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எண்ணாயிரத்தில் ‘இளையவர்’ எனப்பட்டவர்கள்கூட வேதமும் இலக்கணமும் படித்தவர்கள்தான். ஐந்து வயதுப் பிள்ளை முதல் எழுத்தை எங்கே, எதன்மேல், யாரிடம் கற்றது என்பதைச் செம்பும் சொல்லவில்லை, கல்லும் சொல்லவில்லை. அந்த எழுத்து மணலில் எழுதப்பட்டு, அடுத்த எழுத்துக்காக அழிக்கப்பட்டது.

ஆனால் அந்த முதல் படிப்பின் சுவடு இதே கல்வெட்டுகளில் ஒன்றில் வேறொரு வடிவத்தில் இருக்கிறது. திருபுவனைக் கல்லூரியின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் படியளந்தது நெல்லாக. நாழி, குறுணி, கலம் என்ற கணக்கில் அது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கல்லூரியைக் கட்டிக்காத்த அந்த நெற்கணக்கைத்தான் பின்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்விட்டு ஒப்பித்தார்கள். இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது இதுதான்: பாகூர், வில்லியனூர் என்ற இந்தக் கொம்யூன்களில் (பிரெஞ்சு முறை உள்ளாட்சிப் பகுதிகளில்) சிறு பிள்ளையின் படிப்பு நீண்ட காலம் பாடம் பாடமாகப் பிரிக்கப்படாமல், ஊரின் மண்ணையும் நெல்லையும் கருவியாகக் கொண்டு நடந்தது. பள்ளியின் கதவு எல்லாருக்கும் திறந்த அதே காலத்தில், உள்ளே இருந்த அந்தப் பொருள்கள் வெளியே போய்விட்டன. கதவைத் திறப்பதற்கு அவற்றை வெளியேற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை.

திண்ணைப் பள்ளி எப்படி நடந்தது என்பதற்கு நேரில் கண்டவர்களின் சாட்சியம் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, உள்ளூர் வாத்தியாரின் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் காலத்துப் பள்ளிக்கூடத்தை ‘என் சரித்திர’த்தில் விரிவாக எழுதியிருக்கிறார். இருவர் சொல்வதும் காவிரிக்கரைப் பக்கத்துச் செய்தி. ஆனாலும் தென்னார்க்காட்டு ஊர்களும் அவற்றோடு பின்னிக் கிடந்த பிரெஞ்சு ஊர்களும் இந்த முறையில் வேறுபட்டு நின்றதாகக் கொள்ளக் காரணமில்லை. ஒரு ஊர் பிரெஞ்சுக்காரருக்கும் அடுத்த ஊர் ஆங்கிலேயருக்கும் சொந்தமாக இருந்த நிலத்தில், வாத்தியாரும் சுவடியும் எல்லை பார்த்து நிற்கவில்லை. விசயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பார்கள். பிறகு மணல். எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். ஆகவே ஒரே நேரத்தில் விரல், நாக்கு, காது மூன்றுக்கும் வேலை. அரிச்சுவடி கைவந்ததும் ஏடும் எழுத்தாணியும். கூடவே ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும், சட்டாம்பிள்ளை மேற்பார்வை பார்ப்பான். மாலையில் பள்ளி விடும்போது பூ, பறவை, ஊர் எனப் பெயர்களைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் கேட்கும் வழக்கத்தை உ.வே.சா. நினைவுகூர்கிறார். அதில் மொழிப்பாடம் எது, சூழல் பாடம் எது, நினைவாற்றல் பயிற்சி எது என்று பிரிக்க முடியாது. ஒரு பூவின் பெயரை இரவு முழுக்க மனத்தில் வைத்திருந்த பிள்ளை மூன்றையும் கற்றிருக்கிறது.

கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதத்தின் வலுவே அங்கேதான். எண்சுவடியோடு நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று என்று தனித்தனிச் சுவடிகள் இருந்தன. இந்தக் கணக்கு மரபை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு. நெல்லிலக்கத்தின் படிகளைப் பாருங்கள்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். எட்டையும் கடைசியில் வரும் மூன்றையும் தவிர எல்லாம் இரட்டித்தல். அந்த எட்டும் மும்முறை இரட்டித்ததுதான். ஒரு சிறு பிள்ளை இரட்டிப்பையும் பாதியையும் இதைவிட ஒழுங்காகக் கற்க வேறு படிக்கட்டு தேவையில்லை. குறுணி என்பதுதான் வீட்டில் மரக்கால். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரி நிறைந்தால் களத்துமேடும் நிறையும். காலையில் வாயால் சொன்ன அளவை மாலையில் களத்தில் அப்பா அளப்பதைப் பிள்ளை பார்க்கும். நிலத்துக்கும் இதே கதைதான். புதுச்சேரிக் காணி என்பது 100 குழி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, ஆக 576 சதுர அடி. பிரெஞ்சு நிர்வாகம் மீட்டர் கணக்கைக் கொண்டுவந்தபோதும் இந்தக் குழியை அழிக்க முடியாமல், அதை 53.5 சதுர மீட்டர் என்று எழுதிவைத்துக்கொண்டது. இன்றும் பாகூர்ப் பக்கம் நிலம் விலை பேசுகிறவர் குழிக்கு இவ்வளவு என்றுதான் தொடங்குகிறார்.

திண்ணைப் பள்ளியின் முறை வெளியுலகத்துக்கும் போனது. சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் விடுதியிலும் அதைப் புகுத்தினார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே வளர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுதக் கற்றது அப்படித்தான். ஜெர்மனியில் ஃப்ரெடரிக் ஃப்ரோபெல் தம் பள்ளிக்கு ‘குழந்தைகளின் தோட்டம்’ என்ற பொருளில் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தது 1840இல். உருண்டை, கட்டை, குச்சி என்று கையால் தொட்டுக் கற்கும் பொருள்களை அவர் வடிவமைத்தார். ஃப்ரோபெலின் பள்ளியும் திண்ணையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுக்கு அவர் கொடுத்த மதிப்பைத் திண்ணை ஒருபோதும் கொடுத்ததில்லை. ஆனால் சிறு பிள்ளை பொருளின் வழியாகத்தான் எண்ணையும் எழுத்தையும் அடைகிறது என்ற அறிவு நம் ஊருக்குக் கப்பலில் வந்திறங்கியது என்று நினைப்பது பிழை.

திண்ணைப் பள்ளி வெறும் மனப்பாடக் கூடம்தானே, பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அடியை யாரும் நியாயப்படுத்த முடியாது. அது கொடுமை, அதற்குச் சமாதானம் இல்லை. மனப்பாடத்தைப் பற்றிய குற்றச்சாட்டோ பாதிதான் உண்மை. கொன்றைவேந்தனின் பொருள் ஏழு வயதில் புரிந்திருக்காது, சரி. நெல்லிலக்கத்தின் பொருள் அன்றைக்கே கண்முன் இருந்தது. புரியாமல் உருப்போட்டதையும் பயன்படுத்திக்கொண்டே உருப்போட்டதையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் இரண்டையும் சேர்த்தே தூக்கியெறிந்தோம். ஐந்து வயதுக்கு மேல்தானே திண்ணை, அதற்கும் கிண்டர்கார்ட்டனுக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கலாம். மூன்று, நான்கு வயதின் பள்ளி வீடாக இருந்தது. பாட்டியின் மடியில் பாட்டு, வாசலில் புள்ளிக்கோலம், புளியங்கொட்டை போட்டு ஆடும் பல்லாங்குழி. ஏழேழு குழியில் காயை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், எந்தக் குழியில் முடியும் என்று முன்கூட்டியே கணிக்கும் சிறுமி செய்வது கணக்கு. அவளுக்குத் திண்ணையில் இடம் தரவில்லை என்பதால் அது கணக்கு இல்லையென்று ஆகிவிடாது.

அவளுக்கு இடம் தரவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. அந்த அறிக்கைகளை 1983இல் நூலாக்கிய தரம்பால், பாகூரையும் வில்லியனூரையும் சூழ்ந்திருந்த தென்னார்க்காட்டில் படித்தவர்களில் சூத்திரரும் பிற சாதியினரும் சேர்ந்து 84 விழுக்காட்டுக்கு மேல் என்று காட்டினார். கல்வி பிராமணருக்கு மட்டுமே இருந்தது என்ற எண்ணத்தை இந்த எண் உடைக்கிறது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அதைக் கொண்டு பழங்காலம் பொற்காலம் என்று முடிவுகட்டவும் கூடாது. திண்ணை யாரோ ஒருவர் வீட்டின் திண்ணை. சேரியிலிருந்து வந்த பிள்ளை அதில் ஏற முடியாத ஊர்தான் அன்றைய ஊர். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையோ அதே அறிக்கைகளில் சொற்பத்திலும் சொற்பம். களத்தில் நெல்லைத் தூற்றியவரின் பிள்ளைக்கு நெல்லிலக்கம் கிடைக்கவில்லை. இந்த அநீதியைத் தீர்த்தது மிஷன் பள்ளியும் அரசுப் பள்ளியும் அங்கன்வாடியும்தான். அந்த நன்றியை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வில்லியனூரும் பாகூரும் 1880இல் கொம்யூன்கள் ஆயின. பிரெஞ்சுக் கல்வியின் பெருமைகள், கலவைக் கல்லூரி உட்பட, பெரும்பாலும் நகரத்தில் குவிந்தன. ஊர்ப்புறத்துக்குத் தொடக்கப்பள்ளியும் சிலேட்டும் பலப்பமும் வந்து, மணல் மெல்ல மறைந்தது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அதற்குப் பின் புதுச்சேரிப் பிள்ளைகள் நெடுங்காலம் படித்தது தமிழ்நாட்டுப் பாடநூல். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. பாரிசு, சென்னை, டெல்லி என்று பாடம் எழுதப்பட்ட இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அது பாகூராக இருந்ததில்லை. புத்தகத்தில் சென்ட், ஏக்கர், ஹெக்டேர் வரும், குழி வராது. இருந்தாலும் வாத்தியார் உள்ளூர்க்காரராக இருந்தபோது ஊர் வகுப்புக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. வில்லியனூரில் 1915இல் பிறந்து பாகூர்ப் பக்கத்துச் சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசன், ஆண்டுக்கணக்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வயலும் வாய்க்காலும் அவர் கவிதையின் உயிர். ‘குழந்தை இலக்கியம்’ என்றே ஒரு நூல் செய்தவர் அவர். அப்படி ஒருவர் எந்தப் பாடநூலைக் கையில் வைத்திருந்தாலும் வகுப்பில் ஏரிக்காற்று வீசியிருக்கும்.

இன்று வரும் எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து, அது நியாயமான கவலையிலிருந்து வருகிறது. நகரத்துப் பிள்ளை எல்.கே.ஜி.யிலேயே ஆங்கிலம் பேசும்போது எங்கள் பிள்ளைக்கு மரக்காலும் குழியுமா, பழையபடி எங்களை வயலுக்கே அனுப்பப் பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் திண்ணையில் ஏற விடப்படாதவர்கள் இப்படிக் கேட்பதற்கு முழு உரிமை இருக்கிறது. என் பதில், மரக்கால் வகுப்பில் வேளாண்மைப் பாடமாக வர வேண்டாம் என்பதே. அரை என்றால் என்ன என்பதை அச்சிட்ட வட்டத்தில் பாதிக்கு வண்ணம் தீட்டி அறிந்த பிள்ளையைவிட, உழக்கில் நெல்லை நிரப்பி உரியில் இருமுறை கொட்டிப் பார்த்த பிள்ளைக்கு அது உறுதியாகப் பிடிபடும். பிறகு அதே அரையை அது எந்த மொழியிலும் சொல்லலாம், எந்தக் கணினியிலும் போடலாம். 2022 அக்டோபரில் வெளியான தேசிய அடிப்படை நிலைக் கலைத்திட்டச் சட்டகம் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு, பொருள், வீட்டுமொழி வழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. அதை நிறைவேற்றப் பெட்டிகளில் பொம்மைகளும் அட்டைகளும் வருகின்றன, வரட்டும். பாகூர் அங்கன்வாடியில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு மணலும், ஆழாக்கிலிருந்து மரக்கால் வரையிலான அளவைகளும், பிடி புளியங்கொட்டையும் இருக்க வேண்டும். முற்றத்தில் 24 அடிக்கு 24 அடி சுண்ணாம்புக் கோடு போட்டால் அது ஒரு குழி. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதன் நான்கு பக்கத்தையும் காலடி வைத்து எண்ணிக்கொண்டே சேர்ந்து சுற்றி வரலாம்.