ஈச்சாப்பூர்க் குழலும் அருவங்காட்டு மருந்தும்

சியால்தாவில் லோக்கல் ரயில் ஏறி வடக்கே போனால், பல்தாவைத் தாண்டியதும் ஈச்சாப்பூர் வரும். ஹூக்ளிக் கரையில் 1904-இல் ஏற்பட்ட ரைபிள் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்னால் நம் நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் ஆலை வந்தது. மருந்து அங்கே, குழல் இங்கே. இவ்விரண்டுக்கும் உள்ள பகைதான் நான் சொல்ல வந்த சரித்திரம். கொலைக்கருவியைக் கையால் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டு நியதி. ஆனாலும் ஆயுள் முழுக்க இரும்பை நிறுத்து விற்றவனுக்கு உலோகத்தின் மேல் உள்ள ஆசை விடுமா?

1888-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கிக் குழலின் உள்ளே ஆழமில்லாத, ஓரம் மழுங்கிய ஏழு வரிப்பள்ளங்கள். கரிமருந்தின் கசடு தங்கக்கூடாது என்பதற்காக அந்த அமைப்பு. நல்ல யோசனைதான். ஆனால் சில வருஷத்திலேயே கார்டைட் வந்துவிட்டது. புகை கிடையாது, வேகம் அதிகம். நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின். அந்தச் சூட்டில் பள்ளங்கள் சீக்கிரமே தேய்ந்து, குண்டு சரியாகச் சுழலாமல் குறி தவறிற்று. சிப்பாயின் உயிர் அந்தக் குறியில் அல்லவா இருக்கிறது! 1895-இல் ஆழமான ஐந்து பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்டு குழல் வந்தது. அதுவும் போதாமல், 1901-இல் மருந்தில் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்தார்கள். இரண்டும் எஃகைத் தொடாத வைத்தியம்.

குழல் ஏன் தேய்கிறது? குண்டு உரசுவதால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது கொஞ்சம்தான். ஒவ்வொரு வெடிக்கும் உட்தோல் சட்டென்று காய்ந்து சட்டென்று ஆறுவதால், வற்றிய ஏரி மண்போல நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. வாயுவிலுள்ள கரியும் நைட்ரஜனும் அந்தத் தோலில் ஏறி அதை நொறுங்கலாக்குகின்றன. தோட்டா இருக்கும் அறைக்குச் சற்று முன்னாலுள்ள தொண்டைப் பகுதிதான் முதலில் போகும்.

அப்படியானால் கடினமான எஃகாகப் போட்டால் என்ன? குழல் வெடித்துச் சுடுபவன் முகத்திலேயே தெறிக்கும். தேய்மானத்துக்குக் கடினம் வேண்டும், அழுத்தத்துக்கு இளக்கமும் வேண்டும். இந்த வழக்கைத் தீர்த்தது குரோம்-மாலிப்டினம் எஃகு. கரி 0.4, குரோமியம் 1, மாலிப்டினம் 0.2 சதவீதம் அளவில் இருக்கும். மாலிப்டினம் இம்மியளவுதான், ஆனால் சூட்டிலும் எஃகின் பலம் தளராமல் காப்பது அதுவே. மேற்கொண்டு உள்ளே குரோமியம் பூசுவதும் உண்டு. எஃகு 1,500 பாகைக்கருகில் உருகும், குரோமியம் 1,900-ஐத் தாண்ட வேண்டும். ரஷ்யரின் ஏ.கே. துப்பாக்கி சேற்றிலும் மழையிலும் தாக்குப்பிடித்ததில் இந்தப் பூச்சுக்கும் பங்குண்டு.

1962 சீன யுத்தத்தில் நம் ஜவான்கள் பெரும்பாலும் பழைய .303 துப்பாக்கியோடுதான் பனிமலையில் நின்றார்கள். பிறகு ஈச்சாப்பூரில் அதே வடிவத்தை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 என்று செய்தார்கள். புதுத் தோட்டாவின் அழுத்தம் கூடுதல் என்பதால், வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரிசீவர் எஃகை வலுவானதாக மாற்றினார்கள். வெளியே பார்த்தால் பழைய ஆள்தான்.

2021 அக்டோபரில் ஆர்டினன்ஸ் ஃபாக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். அதில் குழல் ஒரு கம்பெனிக்கும் மருந்து இன்னொன்றுக்குமாகப் பாகப்பிரிவினை ஆயிற்று.