ஃபோர்டுக்கு முன்பே கார் விற்ற அண்ணன் தம்பி... 3 ஆண்டில் கம்பெனி காலி! என்ன நடந்தது?

அமெரிக்க கார் என்றாலே ஃபோர்டு பெயர்தான் ஞாபகம் வரும். ஆனா, ஃபோர்டு மோட்டார் கம்பெனி தொடங்கியது 1903-ல். அதற்கு 8 ஆண்டுகள் முன்பே, 1895-ல் உருவானது 'டுர்யே மோட்டார் வேகன் கம்பெனி'.

யார் இவர்கள்?

சைக்கிள் தொழிலில் இருந்த சார்லஸ், ஃபிராங்க் டுர்யே சகோதரர்கள். மாசசூசெட்ஸ் மாகாணம், ஸ்பிரிங்ஃபீல்டில் பழைய குதிரை வண்டி ஒன்றில் பெட்ரோல் இன்ஜினை மாட்ட வேலையைத் தொடங்கினர். பாதியில் அண்ணன் சார்லஸ் வேறு ஊருக்குப் போய்விட, தம்பி ஃபிராங்க் வேலையை முடித்து, 1893 செப்டம்பரில் ரோட்டில் ஓட்டிக் காட்டினார்.

பனியில் கிடைத்த வெற்றி

1895 நவம்பர் 28, சிகாகோ கார் பந்தயம். சாலையெல்லாம் பனி. கிளம்பிய 6 வண்டிகளில் 2 மட்டுமே எல்லையைத் தொட்டன. சுமார் 87 கி.மீ தூரத்தை 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி ஜெயித்தவர் ஃபிராங்க்.

பிறகு ஏன் மூடினார்கள்?

1896-ல் ஒரே டிசைனில் 13 கார்கள் தயாராகின. அமெரிக்காவில் இப்படி வரிசையாகத் தயாரித்து விற்றது இதுவே முதல்முறை. ஆனா, அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகவில்லை. 1898-ல் கம்பெனி முடிவுக்கு வந்தது. இருவரும் தனித்தனி வழியில் கார் தயாரிக்கப் போனார்கள்.

'அந்த முதல் காரை உருவாக்கியது யார்?' என்ற சண்டை மட்டும், 1938-ல் சார்லஸ் இறந்த பிறகும் ஓயவே இல்லை.