ஐபி முகவரி எந்த அடுக்கில் இருக்கிறது?

2020 பிப்ரவரியில் சிஸ்கோ தன் சான்றிதழ் தேர்வுகளைத் திருத்தி அமைத்தபோது, ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும் தரவைப் படித்துப் பொருள் கொள்வது சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பாகச் சேர்ந்தது. கூடவே வந்த டெவ்நெட் அசோசியேட் தேர்வு, அந்தத் தரவைப் பைத்தானுக்குள் கொண்டுவந்து பிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்றது. கேபிள் இழுத்து, சுவிட்ச் பூட்டிப் பழகியவர்களிடம் புரோகிராமர் வேலையைக் கேட்பதா என்று குறைபடுவோர் உண்டு. அந்தக் குறையை வரலாறு ஆதரிக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தரவுக்குள் இறங்கி வேண்டியதை எடுப்பது, நெட்வொர்க் தொழில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் காரியம்தான்.

முதலில் சிக்கலைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு ரவுட்டரின் இடைமுகங்களைக் கேட்டால் வரும் ஜேசன் பதிலில், வெளியே 'இன்டர்ஃபேசஸ்' என்றொரு உறை. அதற்குள் 'இன்டர்ஃபேஸ்' என்றொரு பட்டியல். பட்டியலின் ஒவ்வொரு உருப்படிக்குள்ளும் 'ஐபிவி4', அதற்குள் 'அட்ரஸ்' என்று இன்னொரு பட்டியல், அதற்குள்தான் 'ஐபி'. நெளிவு அடைப்புக்குள் போக ஒரு பெயர் வேண்டும். சதுர அடைப்புக்குள் போக ஓர் எண் வேண்டும், அதுவும் பூஜ்யத்திலிருந்து எண்ணி. படிப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முகவரி ஒன்றே ஒன்றுதானே என்று நினைத்து அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால், பட்டியலுக்கு எண்தான் கொடுக்க வேண்டும் என்று பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும்.

இப்போது 1988-க்குப் போவோம். அந்த ஆண்டு வெளிவந்த எஸ்என்எம்பி நெறிமுறையில், ஒரு கருவியின் பெயரைக் கேட்க 1.3.6.1.2.1.1.5.0 என்று எழுத வேண்டும். போன் நம்பர் போலத் தெரிந்தாலும் இது ஒரு மரத்தின் வேரிலிருந்து இறங்கும் வழி. முதல் 1 ஐஎஸ்ஓ அமைப்பைக் குறிக்கும் கிளை. 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அதன் கீழுள்ள 1 இன்டர்நெட். கடைசிப் பூஜ்யம் வேடிக்கையானது. ஜேசன் பட்டியலில் பூஜ்யம் என்றால் முதல் உருப்படி. இங்கே அது 'இந்தத் தகவல் ஒன்றுதான், வரிசை கிடையாது' என்பதன் அடையாளம். வரிசையாக வரும் இடைமுகங்களை எஸ்என்எம்பி 1-லிருந்து எண்ணுகிறது. இந்த நீள எண்களை ஒட்டித் தங்கள் கண்காணிப்பு மென்பொருளை ஓட்டிய ஒவ்வொரு நெட்வொர்க் நிர்வாகியும் அடுக்குத் தரவுக்குள் இறங்கியவர்தான். 2002-இல் இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய பட்டறையில் நெட்வொர்க் நடத்துவோர் வைத்த முறையீடு, கண்காணிக்க எஸ்என்எம்பி சரி, கருவிகளைக் கட்டமைக்க அது போதாது என்பது. மனிதர் படிக்கக்கூடிய எழுத்து வடிவம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. 2006-இல் நெட்கான்ஃப், 2017-இல் ரெஸ்ட்கான்ஃப் என்ற நெறிமுறைகள் அந்த வழியில் வந்தவை. மரம் இருந்தது, கிளைகளுக்கு எண் போய்ப் பெயர் வந்தது.

தொழிலுக்கு வெளியே இந்த வழக்கம் இன்னும் பழையது. 1960-இல் வந்த கோபோல் மொழி, 01, 05 என்று நிலை எண்கள் போட்டுத் தரவை அடுக்கியது. உள்ளே இருப்பதை எடுக்க ஆங்கில வாக்கியம் போலவே தெரு, முகவரி, வாடிக்கையாளர் என்று உள்ளிருந்து வெளியே எழுத வேண்டும். அடுத்து வந்த பிஎல்/1 புள்ளி வைத்து, வெளியிலிருந்து உள்ளே எழுதியது. 'வாடிக்கையாளரின் முகவரியின் தெரு' என்னும் தமிழின் வரிசையும் அதுவே. நமக்கு இது இயல்பாக வர வேண்டும். சாட்டர்ன் ராக்கெட்டின் உதிரிப்பாகப் பட்டியலுக்காகத் தொடங்கி 1968-இல் ஓடத் தொடங்கிய ஐபிஎம்மின் ஐஎம்எஸ் தரவுத்தளமும் வேரிலிருந்து கிளைக்கு இறங்கும் மரம்தான்.

அப்படியானால் 1970-இல் தரவுத்தள ஆய்வாளர் எட்கர் காட் இதையெல்லாம் தவறென்று காட்டிவிட்டாரே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. அவரது கட்டுரையில் ஓர் ஊழியர் பதிவுக்குள் வேலை வரலாறு, அதற்குள் சம்பள வரலாறு, பக்கத்தில் பிள்ளைகள் என்று அடுக்கு இருக்கும். அதைப் பிரித்து நான்கு தட்டையான அட்டவணைகளாக்குவார். ஆனால் அடுக்கு இருப்பதைவிட அவரை உறுத்தியது, புரோகிராம் ஒரு குறிப்பிட்ட வழியையே நம்பி நிற்பது. வழி மாறினால் புரோகிராம் உடையும். பகிர்ந்து சேமிக்கும் தரவுக்கு அவர் சொன்னது இன்றும் செல்லும். ஒரு கருவி மற்றொன்றுக்கு அனுப்பும் பதிலோ ஒரு மூட்டை. எல்லாம் ஒன்றாகக் கட்டி வருவதுதான் அதன் வசதி. அதனால்தான் ஜேசனில் மரம் திரும்பி வந்தது, காட் சொன்ன நோயையும் கூட்டிக்கொண்டு.

வழியை மென்பொருளே காட்டிவிடும், மனிதர் ஏன் படிக்க வேண்டும் என்ற மறுப்புக்கும் பதில் இந்த நோயில் இருக்கிறது. இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப் வகுத்த தரவு மாதிரியில் ஐபி முகவரியை அடைய ஐந்து பெயர்கள் போதும். ஓப்பன்கான்ஃபிக் என்ற மற்றொரு மாதிரியில் அதே முகவரி சப்இன்டர்ஃபேஸ் வழியாக, 'கான்ஃபிக்' என்ற உறைக்குள், ஒன்பதாவது பெயராக உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போனவருக்கு மற்றதில் மூன்றாம் பெயரிலேயே வழி தெரியாது. அடைப்புக்குறியைப் பார்த்துப் பார்த்து இறங்கத்தான் வேண்டும்.