பொதுக் கூரை ஒன்றின் வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டைகளையும் கோயில்களையும் மாளிகைகளையும் தேடிச் செல்வது வழக்கம். கட்டியவன் யார், கட்டிய காலம் எது, கொடுத்த நிலம் எவ்வளவு என்பவற்றைக் கல்வெட்டுகளிலிருந்து அறிகின்றனர். ஆனால், அந்நகரத்தின் உழைக்கும் மக்கள் வேலை முடிந்தபின் எங்கே கூடினர், யாருக்கு அருகே அமர்ந்தனர், எதைக் கண்டு சிரித்தனர், எதைக் கண்டு கண்ணீர் விட்டனர் என்னும் வினாக்களைக் கேட்போர் சிலரே. அவ்வினாக்களுக்கு விடை கூறக்கூடிய கட்டிடங்கள் கல்வெட்டு இல்லாதவை. ஆதலால் அவை இடிக்கப்படும்போது வரலாறு ஒன்று இடிக்கப்படுகின்றது என்ற உணர்வு எவருக்கும் தோன்றுவதில்லை.

கோயம்புத்தூரிலே 1914ஆம் ஆண்டு எழுந்து, 'வெரைட்டி ஹால்' என்றும் பிற்காலத்தில் 'டிலைட்' என்றும் பெயர் வழங்கி, அண்மை ஆண்டுகளில் இடித்து அகற்றப்பட்ட படமாளிகை அத்தகையதொரு கட்டிடம். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தரப் படமாளிகைகளுள் அது ஒன்று. கடல் கடந்த ஊரொன்றின் பழைய கொட்டகையைப் பற்றி இலங்கை வாசகர்களாகிய நாம் ஏன் சிந்திக்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதன் கதை ஒருவகையில் நம் தீவிலிருந்தே தொடங்குகின்றது என்பது முதல் விடை. அது எழுப்பும் பிரச்சினை நம்முடையதும் ஆகும் என்பது இரண்டாவது விடை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், படங்காட்டும் பொறியோடும் சில மௌனப் படச்சுருள்களோடும் இலங்கையிலே காட்சிகள் நடத்திவிட்டுத் திருச்சிராப்பள்ளியை அடைந்தார். அங்கே அவர் நோயுற்றார். தாயகம் திரும்ப விரும்பித் தம்மிடமிருந்த பொருள்களை விற்க முற்பட்டார். அவற்றை வாங்க முன்வந்தவர் நிலக்கிழாரும் அல்லர். வணிகப் பிரபுவும் அல்லர். தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராகப் பணிபுரிந்த, கோயம்புத்தூரிற் பிறந்த, இருபத்திரண்டு வயது இளைஞரான சாமிக்கண்ணு வின்சென்ட் (1883 - 1942) என்பவரே அவர். மாதம் இருபத்தைந்து ரூபாய் சம்பளம் பெற்ற அவர், ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் திரட்டி அப்பொறியை வாங்கினார் என்பர். அது அவருடைய ஆறு ஆண்டுச் சம்பளத்தினும் மேற்பட்ட தொகை. இது நிகழ்ந்தது 1905ஆம் ஆண்டிலே.

வின்சென்ட் உத்தியோகத்தைத் துறந்தார். கூடாரம் ஒன்றை ஏற்றிக்கொண்டு ஊரூராகச் சென்றார். திருச்சியில் தொடங்கிய அவருடைய பயணம் வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடலுக்கு அப்பால் ரங்கூன் வரையிலும் நீண்டது. ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப்படம் அவர் கையிலிருந்த முதற் செல்வம். எழுத்தறியாத மக்களும் விளங்கிக்கொள்ளத் தக்க ஒரு கலை, கூலிக்காரனின் சில்லறைக் காசுக்கு எட்டிய விலையில், அவன் ஊருக்கே நடந்து வந்தது. தமிழ் மக்களின் கலை வரலாற்றில் இது சிறிய நிகழ்ச்சியன்று.

கூடாரத்தோடு அலைந்தவர் 1914இல் தம் சொந்த நகரத்திலே நிலைத்த கட்டிடம் ஒன்றை எழுப்பினார். அதுவே வெரைட்டி ஹால். கோயம்புத்தூர் அப்பொழுது ஆலை நகரமாக வளரத் தொடங்கியிருந்தது. முதலாவது நூற்பாலை 1888இல் அங்கு அமைந்தது. 1930களிலே பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூலி தேடி வந்தனர். அம்மின்சாரம் வருமுன்னரே வின்சென்ட் தம் படமாளிகைக்கென மின்சாரம் உண்டாக்கினார்; மின்விசையால் இயங்கும் அச்சகத்தையும் அரைவை ஆலையையும் நடத்தினார். மின்விளக்கை முதன்முதலில் படமாளிகை வாயிலிற் கண்டு வியந்தவர் பலர் அந்நகரத்தில் இருந்திருத்தல் வேண்டும்.

இனி, நாம் கூற விழைந்த செய்திக்கு வருவோம். 1914ஆம் ஆண்டின் தமிழ்ச் சமுதாயம் எத்தகையது? தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் பெருங்கோயில்களின் உள்ளே காலெடுத்து வைக்க இயலாத காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அம்மக்கள் வைத்தியநாதையர் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்தைச் சட்டம் உறுதிசெய்தது 1947இல். நம் யாழ்ப்பாணத்திலோ மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலிற் சிறுபான்மைத் தமிழர் உரிமைகோரி நின்றது 1968இல். அதாவது, வெரைட்டி ஹால் எழுந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னர். கோயில் மட்டுமன்று, கிணறும், பாடசாலையும், தேநீர்க்கடையும் பிறப்பைக் கேட்டே கதவு திறந்தன. கூத்துக்கூட அவரவர் தெருவில், அவரவர் எல்லைக்குள் ஆடப்பட்டது.

இத்தகைய சமுதாயத்தின் நடுவே ஒரு கட்டிடம் தோன்றியது. அதன் வாயிலில் ஒரு சிறு துவாரம்; துவாரத்தின் பின்னால் ஒரு கை. அக்கை காசை வாங்கிற்று, சீட்டைக் கொடுத்தது. 'நீ யார் மகன்?' என்று அது கேட்கவில்லை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் முதன்முதலாக அமர்ந்த கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்று, வாங்கும் சக்தியே என்றும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படம் பற்றி 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலிலே எடுத்துக்காட்டினார். நம் நாட்டு அறிஞர் ஒருவரின் இக்கருத்து, கொட்டகையை வெறும் பொழுதுபோக்கிடமாக எண்ணியோரின் பார்வையை மாற்றவல்லது.

இதனால் கொட்டகைக்குள் சமத்துவம் குடிபுகுந்தது என்று நாம் கூறவில்லை. தரைக்கு ஒரு விலை, வாங்குக்கு ஒரு விலை, நாற்காலிக்கு ஒரு விலை என வகுப்புகள் இருந்தன. நாம் 'கலரி' என்று வழங்கும் மலிவான இடத்தில் அமர்ந்தோர் யாவர், மாடியில் அமர்ந்தோர் யாவர் என்று கணக்கெடுத்தால், பிறப்பின் படிநிலையும் பணத்தின் படிநிலையும் பெரும்பாலும் ஒத்திருக்கக் காண்போம். பெண்களுக்குத் தனிவழியும் தனியிடமும் வகுக்கப்பட்டன. சில ஊர்களிலே சாதிக் கொடுமை கொட்டகை வாயில் வரையும் வந்து நின்றதுண்டு. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பிறப்பால் விதிக்கப்பட்ட எல்லையை ஒருவன் தன் ஆயுள் முழுவதும் முயன்றாலும் கடக்க இயலாது. காசால் விதிக்கப்பட்ட எல்லையை, கூலி கிடைத்த நாளொன்றிலே அவன் கடந்துவிடலாம். கடந்தவனை எழுப்பிவிடும் உரிமை அங்கு எவருக்கும் சட்டப்படி இருக்கவில்லை. மேலும், விளக்கு அணைந்தபின் தரையில் இருப்பவனும் மாடியில் இருப்பவனும் ஒரே காட்சியைக் கண்டனர். ஒரே கணத்திற் சிரித்தனர். மனிதர் ஒருவரை ஒருவர் தொட அஞ்சிய சமுதாயத்திலே இது அற்பமான பயிற்சியன்று.

ஆட்சியாளர் இதன் வலிமையை மக்களுக்கு முன்னரே உணர்ந்தனர். 1918இல் சினிமாச் சட்டம் வந்தது. 1920இல் தணிக்கைச் சபைகள் அமைந்தன. 1927இல் திவான் பகதூர் ரங்காச்சாரியார் தலைமையில் விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டு, நாடெங்கும் சாட்சியம் கேட்டது. மக்கள் பெருந்தொகையாக இருளில் ஒன்றுகூடுவது எந்த ஆதிக்கத்திற்கும் உவப்பானதன்று.

1931இல் 'காளிதாஸ்' மூலம் தமிழ்த் திரை பேசத் தொடங்கிற்று. வின்சென்ட் இங்கும் பின்தங்கவில்லை. கல்கத்தா நிறுவனமொன்றுடன் கூடி 1933இல் 'வள்ளி திருமணம்' படத்தைத் தயாரித்தார், டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த அப்படம் பெருவெற்றி பெற்றது. கோயம்புத்தூரிலே ஸ்டூடியோக்கள் தோன்றின; அந்நகரம் சென்னைக்கு நிகரான படத்தொழில் மையமாகச் சில காலம் விளங்கியது. பொறியை வாங்கிய ரயில்வே ஊழியர் ஒருவரின் துணிவு ஒரு தொழிலுக்கே வித்தாயிற்று.

அக்கட்டிடம் ஏன் வீழ்ந்தது? மக்கள் சினிமாவை வெறுத்ததனால் அன்று. 1970களின் நடுவில் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. 1990களிலே செய்மதி அலைவரிசைகள் வீடுதோறும் புகுந்தன. பின்னர் கைக்கு அடக்கமான திரைகள் வந்தன. ஒரே திரை கொண்ட பழைய மாளிகைகளின் வருவாய் சுருங்கிற்று. பிற்காலத்திலே டிலைட், பழைய படங்களை மீண்டும் மீண்டும் காட்டியே உயிர்வாழ்ந்தது. இதற்கிடையில் நகரத்தின் நடுவேயுள்ள நிலத்தின் விலையோ வானளாவ உயர்ந்தது. கட்டிடத்தின் மேல் நடக்கும் தொழிலைவிடக் கட்டிடத்தின் கீழுள்ள மண் அதிக இலாபம் தரும் நிலை ஏற்படுமாயின், முதலாளித்துவச் சந்தை எதைத் தெரிந்தெடுக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

பல திரைகள் கொண்ட புதிய மாளிகைகள் இப்பொழுது கடைத்தொகுதிகளின் மாடிகளில் உள்ளன. அங்கே குளிரூட்டிய காற்றும் மெத்தை நாற்காலியும் உண்டு, தரைச்சீட்டு இல்லை. நாட்கூலி பெறும் குடும்பமொன்று அங்கே படம் பார்த்து, சோளப்பொரியும் வாங்கித் தின்றுவிட்டு வருமாயின், அதன் கூலியிற் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். அன்று காசு பிறப்பின் தடையை உடைத்தது. இன்று அதே காசு புதியதொரு தடையாக நிற்கின்றது. நடந்திருப்பது ஒரு கட்டிடத்தின் மறைவு மட்டுமன்று. பலதிறப்பட்ட மக்கள் தோளோடு தோள் உரச அமர்ந்த ஓரிடம் மறைந்து, அவரவர் தத்தம் வீட்டுக்குள்ளும், தத்தம் வருவாய்க்கேற்ற மண்டபத்துக்குள்ளும் மீண்டும் பிரிந்து அமர்கின்றனர். நாம் வருந்துவது இதற்காகவே.

நம் நாட்டிலும் தியேட்டர்கள் மறைந்தன. சிலவற்றை இனக்கலவரத் தீ தின்றது. சிலவற்றைப் போர் தகர்த்தது. எஞ்சியவற்றிற் பலவற்றைச் சந்தை விழுங்கியது. காரணங்கள் வேறாயினும் இழப்பு ஒன்றே. வாயிற்படியில் நாள் முழுதும் காத்து நின்றோர், ஒலிபெருக்கிப் பாட்டைக் கேட்டே படம் தொடங்கும் நேரத்தை அறிந்த அயல்வீட்டுப் பெண்கள், சீட்டுக் கிழித்தோர், படச்சுருளைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு ஒரு கொட்டகையிலிருந்து மறு கொட்டகைக்கு விரைந்தோர், இடைவேளையிற் கடலையும் சோடாவும் விற்றோர் ஆகிய இவர்களின் நினைவுகள் எந்த நூலகத்திலும் இல்லை. அவர்களுள் உயிரோடிருப்போரும் முதுமை எய்திவிட்டனர்.

ஆகவே, பாடசாலைகளிற் கற்பிப்போராகிய நாம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. மாணவரை அவரவர் ஊரின் பழைய தியேட்டரைப் பற்றி எழுதச் செய்வோம். யார் கட்டினார், எப்போது மூடப்பட்டது என்பதோடு நின்றுவிடாமல், உள்ளே யார் எங்கே அமர்ந்தனர், யாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, பெண்கள் எவ்வாறு வந்தனர் என்பவற்றையும் முதியோரிடம் கேட்டு எழுதச் செய்வோம். இன்பமான நினைவுகள் மட்டுமன்றிக் கசப்பானவையும் பதிவாகட்டும். அப்பொழுதே அது வரலாறு ஆகும். இல்லையேல் வெறும் ஏக்கமாக முடியும்.

கோயம்புத்தூரில் அம்மாளிகை நின்ற வீதி இன்றும் 'வெரைட்டி ஹால் ரோடு' என்றே அழைக்கப்படுகின்றது. அவ்வீதி வழியே செல்லும் சிறுவன் ஒருவன், 'இங்கே ஹால் எங்கே?' என்று கேட்டால், அவனுக்கு விடை கூற ஒருவராவது இருத்தல் வேண்டும். நம் ஊர்ச் சிறுவர்களின் வினாவுக்கு விடை கூறுவது நம் கடமை.