வயர்லெஸ் ரவுட்டருக்குப் பூட்டு வந்த கதை

2008 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. அகமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்திருந்தது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பை சான்பாடாவில் ஒரு அபார்ட்மென்ட்டில் போய் நின்றது. குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். கம்ப்யூட்டர்களைச் சோதித்தார்கள், விசாரணை மேல் விசாரணை. கடைசியில் பார்த்தால், அவருடைய வை-ஃபை இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள்!

அதோடு முடியவில்லை. ஆகஸ்டில் வந்த மெயில் மும்பை கால்சா கல்லூரியின் வை-ஃபை வழியாக வந்தது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது செம்பூரில் ஒரு கம்பெனியின் இணைப்பிலிருந்து. மூன்று இடத்திலும் இணைப்புக்குச் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முதல் சந்தேகம் யார் மேல் விழும்?

சரி, அப்போது பூட்டே இல்லையா? இருந்தது. வை-ஃபையின் முதல் தரம் 1997-ல் வந்தபோதே டபிள்யூ.இ.பி. என்ற பூட்டும் கூடவே வந்தது. ஆனால் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்குப் பயந்து சாவியை 40 பிட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். அதாவது வெறும் 5 எழுத்து! பிறகு 13 எழுத்துச் சாவி வந்தும் பயனில்லை. ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் 24 பிட் எண்ணில்தான் ஓட்டை. அதற்கு மொத்தம் 1,67,77,216 மதிப்புகள்தான். கூட்டமான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் தீர்ந்து, பழைய எண்ணே திரும்ப வரும். ஒட்டுக்கேட்பவனுக்கு அது போதாதா? 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் இந்தச் சாவியைக் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆராய்ச்சியாளர்கள் அதை ஒரு நிமிட வேலையாக்கினார்கள்.

மாற்றாக 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தன. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதி கிடைத்தது 2005 ஜனவரியில். ஆக, இங்கே வை-ஃபை பரவும்போதே நல்ல பூட்டு தயார். மாட்டத்தான் ஆளில்லை! டப்பாவைப் பிரித்து ஒயரைச் சொருகினால் நெட் வந்துவிடும், செட்டிங்ஸ் பக்கம் யார் போவார்கள்?

2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகப் போய்த் திறந்த வை-ஃபை இணைப்புகளைத் தேட ஆரம்பித்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறையும், வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்கச் சொல்லி இன்டர்நெட் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. மூன்று மெயில்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய உத்தரவு.

செய்வது கஷ்டமில்லை. பிரவுசரில் 192.168.1.1 (சில ரவுட்டர்களில் வேறு எண்) அடித்து உள்ளே போய், முதலில் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பிறகு வயர்லெஸ் செக்யூரிட்டியில் டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். தேர்வு செய்து 8 முதல் 63 எழுத்து வரை ஒரு பாஸ்வேர்டு. மணலியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடென்றால் செல்போன் நம்பரும் பிள்ளை பெயரும் வேண்டாம், அடுத்த வீட்டுக்கு இரண்டுமே தெரியும். அந்த பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4,096 தடவை அரைத்துத்தான் 256 பிட் சாவி பிறக்கிறது. அதனால் ரவுட்டரோடு வந்த பொதுவான பெயரையும் மாற்றிவிடுவது நல்லது.

2017-ல் டபிள்யூ.பி.ஏ.2-விலும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள், அது சாஃப்ட்வேர் அப்டேட்டில் அடைபட்டது. 2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 வந்துவிட்டது. உங்கள் ரவுட்டரில் அது இருந்தால் அதையே போடுங்கள்.