ஒரே கரையில் கட்டிய இரண்டு தோணிகள்

இலங்கையில் காணி உறுதி ஒன்று எழுதப்பட்டால், அதன் இரண்டாம் பிரதி நொத்தாரிசின் அலுமாரியில் தங்கிவிடக் கூடாது. ஒரு மாதத்தில் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதித்த கடமை. அச்சட்டம் 1907ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை வரைந்தவர்கள் கணினியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் இன்றைய கணினிப் பொறியியலாளர்கள் பல கோடி செலவிட்டுத் தேடும் ஒரு பாதுகாப்பின் சாரம் அவ்விதியில் இருக்கிறது: ஒரு பொருளுக்கு இரண்டு பிரதிகள் வேண்டும், அவை இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது.

இவ்விதியின் பெறுமதி என்ன என்பதைக் கல்முனைக் கரையோரத்து மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் அவை. கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் ஒடுங்கிய ஒரு மணல் நிலம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் 35,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறைதான். அங்கு மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

அதன் பின்னான மாதங்களில் அப்பகுதியில் செய்தி சேகரித்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவில் இருக்கும். உயிர் தப்பியவர்களிடம் கேட்கப்பட்ட முதற் கேள்விகளுள் ஒன்று, “உங்களிடம் ஆவணம் இருக்கிறதா?” என்பது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாம் வீட்டோடு போயிருந்தன. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று வடக்கு, கிழக்குக்கு அரசு 2005இல் எல்லை வகுத்தபோது, “இந்த வளவு என்னுடையது” என்று காட்டுவது வாழ்வா சாவா என்ற விடயமாயிற்று. பெட்டியில் இருந்த உறுதியைக் கடல் கொண்டுபோனவருக்கு, வேறொரு கட்டடத்தில் இருந்த அதன் இரண்டாம் பிரதியே சாட்சி. அயல்வீட்டில் இன்னொரு பிரதியைக் கொடுத்து வைத்திருந்தாலும் பயனில்லை. அயல்வீடும் அதே அலையில்தான் போனது.

இனிக் கணினியின் பக்கம் வருவோம். இயந்திரம் நின்றாலும் சேவை நிற்கக் கூடாது என்ற எண்ணத்துக்கு அங்கே அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1974இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டான்டெம் நிறுவனம், வங்கிகளையும் பங்குச் சந்தைகளையும் மனத்தில் வைத்து, 1976இல் தன் முதல் “நான்ஸ்டொப்” கணினியை வெளியிட்டது. அதன் செயலிகள் குறுகிய இடைவெளிகளில் “நான் உயிரோடிருக்கிறேன்” என்று ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. ஒன்றின் குரல் ஓய்ந்தால் மற்றொன்று அதன் வேலையை ஏற்றது. இன்றும் இச்செய்தியைப் பொறியியலாளர்கள் “இதயத்துடிப்பு” என்றே அழைக்கிறார்கள்.

1983இல் டிஜிட்டல் நிறுவனம் அறிமுகப்படுத்திய “வாக்ஸ் கிளஸ்டர்” பல கணினிகளை ஒரே வட்டுகளைப் பகிரும் ஒரு கொத்தணியாக இணைத்தது. அப்போது ஒரு பழைய சிக்கல் புது வடிவில் வந்தது. இரு கணினிகளுக்கு இடையிலான கம்பி மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? இரண்டும் உயிரோடிருக்கும், ஆனால் மற்றது இறந்துவிட்டதென ஒவ்வொன்றும் எண்ணும். இரண்டும் தாமே பொறுப்பாளி என்று ஒரே வட்டில் எழுதத் தொடங்கினால் தரவு சிதைந்துவிடும். இதற்குக் கண்ட தீர்வு வாக்கெடுப்பு. பெரும்பான்மை எந்தப் பக்கம் இருக்கிறதோ அப்பக்கம் தொடரும். மற்றப் பக்கம் ஒதுங்கும். தானாக ஒதுங்காத கணினியின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. கொத்தணியில் இரண்டுக்குப் பதில் மூன்று கணினிகளை வைப்பதன் காரணம் இதுதான். இருவர் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல மூன்றாமவர் வேண்டும்.

மெய்நிகர் இயந்திரம் என்பது இன்னொரு கிளையில் வளர்ந்தது. ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பது போன்ற தோற்றத்தை ஐபிஎம் ஆய்வாளர்கள் 1960களிலேயே உருவாக்கினர். 1972இல் அது விற்பனைப் பொருளாயிற்று. சாதாரணக் கணினிகளுக்கு அதைக் கொண்டுவந்த விஎம்வெயர் நிறுவனம் 1998இல் தொடங்கப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வசதியை அந்நிறுவனம் 2003இல் தந்தது. வழங்கி ஒன்று விழுந்தால் அதிலிருந்த இயந்திரங்களை மற்ற வழங்கிகளில் தானாகவே எழுப்பும் வசதி 2006இல் வந்தது. அடுத்த ஆண்டு லினக்ஸின் கருவிலேயே கேவிஎம் சேர்ந்தது. பெரும் வங்கிகளுக்கு மட்டும் எட்டிய வசதி, அதன் பின் சிறு அலுவலகங்களுக்கும் எட்டத் தொடங்கியது.

இது வேலை செய்வதன் இரகசியம் எளியது. மெய்நிகர் இயந்திரம் உண்மையில் ஒரு கோப்பு. அக்கோப்பு எல்லா வழங்கிகளும் அணுகக்கூடிய பொதுச் சேமிப்பகத்தில் இருக்கிறது. வழங்கி இறந்தாலும் கோப்பு இறப்பதில்லை. ஆகவே இன்னொரு வழங்கி அதைத் திறந்து இயக்குகிறது. சில நிமிடத் தடங்கலோடு சேவை மீள்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. மூன்று வழங்கிகள் இருந்தால், ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் வெறுமையாக இருக்க வேண்டும். “சும்மா கிடக்கிறதே” என்று கணக்காளர் அந்த இடத்தையும் நிரப்பிவிட்டால், விழுந்தவரைத் தாங்க ஆளிருக்காது.

ஆனால் எது அனைவருக்கும் பொதுவோ அதுவே பலவீனமும் ஆகும். சேமிப்பகம் எரிந்தால் எல்லாம் எரியும். தவறான கட்டளை ஒன்று தரவை அழித்தால், அந்த அழிவையும் கொத்தணி விசுவாசமாகப் பிரதியெடுக்கும். டான்டெமில் பணியாற்றிய ஜிம் கிரே 1985இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கணினிகள் நிற்பதற்கான காரணங்களுள் 42 வீதம் இயக்குவோரும் பராமரிப்போரும் சார்ந்தவை என்றார். வன்பொருள் காரணம் 18 வீதம் மட்டுமே. கொத்தணி முதன்மையாகக் காப்பது இந்தச் சிறு பங்கிலிருந்துதான்.

இலங்கை இப்பாடத்தை 2023இல் கற்றது. ஆகஸ்ட் 26 அன்று அரச மேகக் கணினியின் மின்னஞ்சல் சேவை பணயத் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. சேவை 12 மணித்தியாலங்களுக்குள் மீட்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் தாக்குதலில் சிக்கியது. அந்த மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட காலத்துக்கு வெளியே வேறு பிரதி இல்லை. கதவு திறந்தது, அலுமாரி வெறுமையாக இருந்தது.

இது வறிய நாடுகளின் குறை என்று எவரும் நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. 709 அரச அமைப்புகள் நின்றன. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஒரு தொகுதியில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியில் பிரதி எடுக்கப்படவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. உலகின் முன்னணித் தொழில்நுட்ப நாடு ஒன்றில், நம் நொத்தாரிசுக்கு 1907இல் விதிக்கப்பட்ட கடமை தவறவிடப்பட்டிருந்தது.

இப்போது பதிவேடுகள் எல்லாம் தாளிலிருந்து கணினிக்கு நகர்கின்றன. நகர்வது நல்லதே. பிறப்புச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பவருக்கு அது பெரும் விடுதலை. ஆனால் பிரதேச செயலகமோ, பாடசாலையோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, கூட்டுறவுச் சங்கமோ தன் ஏட்டை வழங்கியில் ஏற்றும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரு இயந்திரம் நின்றால் மற்றொன்று எழுமா? கட்டடமே போனால், வேறு ஊரில் பிரதி இருக்கிறதா? எவராவது தவறாகவோ வேண்டுமென்றோ அழித்தால், இணைப்பில் இல்லாத, நேற்றைய பிரதி ஒன்று இருக்கிறதா? விற்பனையாளர் முதற் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்வார். மற்ற இரண்டையும் நாமே கேட்டுப் பெற வேண்டும். பதிலைக் கேட்டதோடு விடாமல், ஆண்டுக்கு ஒரு தடவையாவது பிரதியிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி, பிரதி என்ற நம்பிக்கை மட்டுமே.

தொழிலுக்கு இரண்டு தோணி வைத்திருப்பவர் புத்திசாலி. ஒன்று பழுதானால் மற்றதில் கடலுக்குப் போவார். ஆனால் இரண்டையும் ஒரே கரையில் கட்டியிருந்தவர்கள் 2004இல் இரண்டையும் இழந்தார்கள். வழங்கிகளுக்கும் கரை உண்டு.