வலையா, தனிச்செல்லா? நரம்புத் திசு பற்றிய ஒரு விவாதத்தின் வரலாறு (1873–1959)

முன்னுரை

மனித நரம்பு மண்டலம், மூளையும் தண்டுவடமும் அடங்கிய மைய நரம்பு மண்டலம் எனவும், அவற்றிலிருந்து உடலெங்கும் கிளைத்துச் செல்லும் புற நரம்பு மண்டலம் எனவும் பகுக்கப்படுகிறது. இரண்டுமே நியூரான்கள் எனும் தனித்தனிச் செல்களாலும் அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களாலும் ஆனவை. பாடநூல்கள் ஒரே வரியில் கடந்து செல்லும் இக்கூற்றில் ‘தனித்தனி’ என்னும் சொல்லை நிறுவுவதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்விவாதத்தில் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்த முதன்மை அறிஞர் இருவரும் ஒரே சாயமுறையைப் பயன்படுத்தியவர்கள். அவர்களைப் பிரித்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

செல் கொள்கைக்கு அடங்காத திசு

1838இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839இல் ஷ்வான் விலங்குகளுக்கும் செல் கொள்கையை முன்வைத்தனர். நரம்புத் திசு அதற்குள் எளிதில் அடங்கவில்லை. சிறுமூளையின் பெரிய செல்களைப் புர்கிஞ்சே 1837இலேயே விவரித்திருந்தார். நரம்பிழைகளையும் பலர் கண்டிருந்தனர். செல்லுக்கும் இழைக்கும் உள்ள தொடர்புதான் தெளிவற்றிருந்தது. ஜெர்மானியரான ஓட்டோ டைட்டர்ஸ் செல்களைத் தனியே பிரித்தெடுத்து நோக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் கிளைத்த நீட்சிகள் பலவும் நீண்ட இழை ஒன்றும் புறப்படுவதை வேறுபடுத்திக் காட்டினார். முன்னவை இன்று டென்டிரைட்டுகள், பின்னது ஆக்சான். அவர் 1863இல் தம் 29ஆம் வயதில் மறைந்தார். ஆய்வு நூல் 1865இல் வெளிவந்தது. இந்நீட்சிகள் எங்கே முடிகின்றன என்ற வினா எஞ்சியது. டென்டிரைட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து நுண்வலையாகின்றன என 1870களின் தொடக்கத்தில் யோசப் கெர்லாக் விடையளித்தார்.

கொல்ஜியின் கருப்பு வினை

இத்தாலியின் அபியாத்தேகிராஸ்ஸோ என்னும் ஊரில், நாட்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவமனையின் சமையலறையை ஆய்வகமாக்கிக்கொண்டு பணியாற்றியவர் கமில்லோ கொல்ஜி. பொட்டாசியம் டைகுரோமேட்டில் இறுகவைத்த மூளைத் துண்டுகளை வெள்ளி நைட்ரேட் கரைசலில் இடும் முறையை அவர் 1873இல் வெளியிட்டார். வெள்ளிக் குரோமேட் படிந்து, மஞ்சள் பின்னணியில் செல் முழுவதும் கருப்பாகத் தெரிந்தது. ஆனால் திசுவில் உள்ள செல்களுள் மிகச் சிலவே சாயமேற்றன. குறை போலத் தோன்றும் இப்பண்பே இம்முறையின் வலிமை. எல்லாச் செல்களும் கறுத்திருப்பின் ஒரு கரும்படலம் மட்டுமே கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும்.

கெர்லாக்கின் டென்டிரைட்டு வலையைக் கொல்ஜி மறுத்தார் என்பது பொதுநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. அவர் கருத்தில் டென்டிரைட்டுகள் ஊட்டம் பெறுவதற்கானவை. ஆக்சான்களின் கிளைகளே பின்னிப் பரந்த வலையாகின்றன. இக்கருத்தின் விளைவு உடற்கூற்றியலோடு நிற்கவில்லை. நரம்பு மண்டலம் ஒரே வலை எனில், பேச்சுக்கும் இயக்கத்துக்கும் மூளையில் தனித்தனி இடம் வகுப்பது பொருந்தாது. மூளை முழுமையாகவே இயங்க வேண்டும். 1861இல் புரோக்கா முன்வைத்த சான்றுகளுக்குப் பின் வளர்ந்துவந்த மூளைப் பகுதிக் கொள்கைக்கு இது நேர் எதிரானது.

காஹாலின் தெரிவு

ஸ்பெயின் நாட்டவரான சந்தியாகோ ராமோன் இ காஹால், 1887இல் மத்ரித் நகரில் லூயிஸ் சிமார்ரோவிடம் கொல்ஜி முறையில் சாயமேற்றிய தகடுகளை முதன்முதலாகக் கண்டார். இருமுறை சாயமேற்றி அம்முறையை அவர் செம்மைப்படுத்தினார். எனினும் அதனினும் முதன்மையானது அவர் தேர்ந்த திசு. வளர்ந்த விலங்கில் ஆக்சானைச் சூழ்ந்த மயலின் உறை சாயத்தைத் தடுப்பதால், இழை பாதியில் மறைந்துபோகிறது. அதன் முடிவை ஊகிக்கத்தான் முடியும். காஹால் பறவைகளின் கருக்களையும் பாலூட்டிகளின் குட்டிகளையும் எடுத்துக்கொண்டார். முதிர்ந்த காடு ஊடுருவ இயலாததாயின் நாற்றங்காலை ஆராயலாமே என்பது அவர் பின்னாளில் தந்த விளக்கம். 1888இல் தாமே தொடங்கிய இதழில், பறவைச் சிறுமூளையின் இழைகள் புர்கிஞ்சே செல்களைக் கூடைபோலச் சூழ்ந்து, அவற்றோடு ஒன்றாகாமல் முடிவதைக் காட்டினார்.

அவர் தனியராக இம்முடிவுக்கு வரவில்லை. செல்களின் தனித்தன்மையை வில்லெம் ஹிஸ் கரு வளர்ச்சியிலிருந்தும், ஆகஸ்ட் ஃபோரெல் சிதைந்த நரம்புகளை ஆராய்ந்தும் 1887ஐ ஒட்டியே முன்மொழிந்திருந்தனர். ஆனால் கண்ணால் காணத்தக்க சான்று காஹாலிடமே இருந்தது. ஸ்பானிய இதழைப் படிப்போர் மிகச் சிலராதலால், 1889இல் பெர்லினில் கூடிய ஜெர்மன் உடற்கூற்றியல் கழகத்தில் அவர் தம் தகடுகளை நேரில் காட்ட வேண்டியதாயிற்று. அதுவரை வலைக் கருத்தின் பக்கம் நின்ற கோல்லிக்கர் அங்கு மனம் மாறினார்.

1891இல் வால்டையர் இச்சான்றுகளைத் தொகுத்து ‘நியூரான்’ என்று பெயரிட்டார். தசைநாண், நாண் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. தமிழில் யாழின் தந்தியையும் குறித்த ‘நரம்பு’ என்னும் சொல்லோடு அதன் பொருளொற்றுமை நோக்கத்தக்கது. தொடர்ந்து நீளும் இழையைச் சுட்டிய சொல்லே தொடர்பற்ற அலகுக்குப் பெயராகியது.

ஸ்டாக்ஹோம், 1906

இருவருக்கும் 1906இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கொல்ஜி தம் உரையை நியூரான் கோட்பாட்டை மறுப்பதற்கே பயன்படுத்தினார். மறுநாள் காஹால் அதனை நிலைநாட்டிப் பேசினார். கொல்ஜியின் நிலைப்பாட்டை வெறும் பிடிவாதம் எனத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஒளி நுண்ணோக்கியால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய தொலைவு ஏறத்தாழ 200 நானோமீட்டர். செல்களுக்கிடையிலான இடைவெளியோ 20 நானோமீட்டர் அளவினது. காஹாலும் அதைக் கண்டிலர். இழைகளின் முடிவுகளைக் கண்டு இடைவெளியை உய்த்துணர்ந்தார். 1897இல் ‘சினாப்ஸ்’ என்னும் சொல்லை வழங்கிய ஷெரிங்டனும் உடலியங்கியல் சான்றுகளைக் கொண்டே அவ்விடத்தைக் கருதினார்.

சாயம் காட்டாததை ஏற்கத் தயங்குவது காஹாலிடமும் இருந்தது. அவருடைய முறைகளில் நீட்சிகளற்றுத் தோன்றிய சிறு செல்களை, 1919–1921இல் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளிக் கார்பனேட்டு முறையால் மைக்ரோகிளியா, ஒலிகோடென்ட்ரோகிளியா என இரு வகைகளாகப் பிரித்துக் காட்டினார். மயலின் உறையோடு தொடர்புடைய பிந்திய வகையைக் காஹால் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

இடைவெளி கண்ணுக்குப் புலனாதல்

கொல்ஜி 1926இலும் காஹால் 1934இலும் மறைந்தனர். 1950களின் நடுவில் மின்னணு நுண்ணோக்கி சினாப்ஸைக் காட்டியது: இரு செல்களுக்கும் தனித்தனிச் சவ்வு, நடுவே இடைவெளி. காஹாலின் உய்த்துணர்வு உறுதியாயிற்று. ஆனால் 1959இல் ஃபர்ஷ்பானும் பாட்டரும் கிரேஃபிஷ் என்னும் நன்னீர் உயிரியில், ஒரு நரம்புச் செல்லிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் நேராகவே பாயும் இணைப்பொன்றை விவரித்தனர். இத்தகைய மின் சினாப்ஸ்கள் பின்னர்ப் பாலூட்டிகளின் மூளையிலும் கண்டறியப்பட்டன. அங்கும் சவ்வுகள் இரண்டே. எனினும் அவற்றை ஊடுருவும் நுண்வாயில்கள் வழியே அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கடக்கின்றன.